கஸ்பாரின் வலது கால்

மார்ச் 8, சனி

கஸ்பார் இன்றைக்கும் நொண்டிக்கொண்டுதான் உப்பளத்துக்குப் போனார். போன வாரம் பாத்தியில் கிளிஞ்சல் குத்தி வலது பாதம் கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "நாள் முழுக்க உப்புத் தண்ணியில நிக்கிறேன், அதைவிட வேற மருந்தா?" என்கிறார். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இதே நினைப்புதான். இவருக்குச் சர்க்கரை இருக்கிற உடம்பு என்பது மட்டும் ஒருத்தருக்கும் நினைப்பில் இல்லை. பாஸ்காப் பண்டிகைக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. நான் புருஷனைப் பார்ப்பதா, தையலைப் பார்ப்பதா?

மார்ச் 10, திங்கள்

விடியும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. கால் வீங்கி, கணுக்கால் வரை சிவந்திருந்தது. சத்தம் போட்டு ஆட்டோவில் ஏற்றி பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டேன். டாக்டர் அருள்மொழி, சின்னப் பெண்தான், காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "சீழ் மேல ஏறுதும்மா. மருந்து கேட்டா கால் தப்பிச்சிடும். கேக்கலைன்னா பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஏற்கெனவே எந்த மாத்திரை ஊசிக்காவது அலர்ஜி வந்திருக்கிறதா என்று கேட்டது மட்டும் ஞாபகம். ரெண்டு பேருமே இல்லை என்று தலையாட்டினோம்.

மார்ச் 11, செவ்வாய்

புண்ணைக் கீறிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ராத்திரியே முதல் டோஸ் ஏறிவிட்டது. சிஸ்டர் சுலோசனா மருந்தைக் கரைத்து டிரிப்பில் சொட்டு சொட்டாக விடுகிறார். "இதுல ரெண்டு மருந்து சேர்ந்திருக்குதுங்க. ஒண்ணு கிருமியைக் கொல்லும். கிருமி அதைக் கெடுத்துடாம இன்னொண்ணு காவல் நிக்கும்" என்றார். புருஷன் பொண்டாட்டி மாதிரி என்றேன். இதில் கொல்றது யார் என்று கஸ்பாரைக் கேட்டால் என்னைத்தான் காட்டுவார்.

மார்ச் 12, புதன்

உட்கார்ந்து எழுத மனசே இல்லை. ஆனாலும் எழுதித்தான் ஆகணும்.

காலையில் மருந்து ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வயிற்றையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருந்தார். "உப்பு அரிப்புடி, எண்ணெய் தடவு" என்றார். உப்பளத்து வீட்டில் இது தினப்படி சங்கதி. நானும் பையிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவினேன். ஒரு வார்த்தை கேக்கத் தோணுச்சா எனக்கு? இல்லையே.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்த சுலோசனா நின்று பார்த்தார். "என்னங்க எண்ணெய்?"

"உப்பு அரிப்பு சிஸ்டர். அவருக்கு வர்றதுதான்."

"உப்புல கடைசியா எப்ப எறங்குனாரு?"

சனிக்கிழமை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் எத்தனை தரம் உடம்பு துடைத்து விட்டிருக்கிறேன். சுலோசனா என்னைப் பதில் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை, டிரிப்பை நிறுத்திவிட்டார். சட்டையைத் தூக்கினால் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஓடி வந்தார், தொடையில் ஊசி போட்டார்கள், மாஸ்க் வைத்தார்கள். மாதாவே மாதாவே என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

சாயந்திரம் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அந்தச் சிஸ்டர் மட்டும் நிற்காமல் போயிருந்தால்?

மார்ச் 13, வியாழன்

டாக்டர் மறுபடி வந்து உட்கார்ந்தார். அலர்ஜி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "எந்த மாத்திரையாவது சாப்பிட்டு உடம்பு அரிச்சுதா, தடிச்சுதா? யோசிச்சுச் சொல்லுங்க."

கஸ்பார் மறுபடியும் இல்லை என்றே தலையாட்டினார். எனக்குத்தான் நினைவு வந்தது. போன ஐப்பசியில் பல் வீங்கி மாத்திரை சாப்பிட்டபோது உடம்பெல்லாம் தடித்தது. அப்போதும் உப்பு என்றுதான் சொன்னோம். ஐப்பசியில ஏது உப்பு? அடைமழையில் பாத்தியெல்லாம் ஏரி மாதிரி கிடந்தது, இவர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். உப்பு மேலேயே பழி போட்டுப் போட்டு மருந்தை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

அந்த மாத்திரையும் இந்த ஊசியும் பென்சிலின் வகைதானாம். அந்தச் சாதியே இல்லாத வேறு ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். முதல் டோஸ் ஏறி முடிகிற வரை சுலோசனா கட்டிலை விட்டு நகரவில்லை. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாரோ, அந்தச் சாமி அவரை நல்லா வைக்கணும்.

மார்ச் 15, சனி

காய்ச்சல் விட்டது. உடனே "வீட்டுக்குப் போலாம், எனக்கு ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்துவிட்டார். பாதியில் விட்டால் மிச்சக் கிருமி திரும்பிக் கிளம்பும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. "கால் வேணுமா வேணாமா?" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் ஊசி. பூசைக்குப் போகவில்லை. கட்டில் பக்கத்திலேயே ஜெபமாலை.

மார்ச் 22, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். சின்ன விரலை மட்டும் எடுத்ததோடு போனது. பாதம் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதி ஒரு அட்டை கொடுத்தார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டணும். முந்தாநாளே சுலோசனாவிடம் அளவு ஜாக்கெட் கேட்டிருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். மற்ற ஜாக்கெட்டெல்லாம் காத்திருக்கட்டும், அவருடையதுதான் முதலில்.

ஏப்ரல் 4, வெள்ளி

கட்டு பிரித்தாயிற்று. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் பாத்தியில் இறங்கினால் வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இயேசு சீடர்களுக்குச் செய்தது மாதிரி கோயிலில் ஃபாதர் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் கஸ்பாரையும் உட்கார வைத்திருந்தார்கள். முடியாது என்றுதான் சொல்லிப் பார்த்தார், ஃபாதர் விடவில்லை. எல்லோரும் வலது காலைக் காட்ட, இவர் மட்டும் அதை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டினார். ஃபாதர் தண்ணீர் ஊற்றாமல் மண்டியிட்டபடியே இருந்தார். "அந்தக் காலைக் குடுங்க கஸ்பார்."

மெதுவாக நீட்டினார். கறுத்த தழும்பு, விரல் இல்லாத இடம், எல்லாம் கோயிலே பார்க்கத் தெரிந்தது. ஃபாதர் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்துதுடி" என்றார்.