வாய்வுதான் என்கிற அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைத்தான் நம்ப முடியவில்லை. போனில் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். தம்பியின் போனுக்கு அனுப்புகிறேன், அவன் படித்துக் காட்டுவான்.

இதயம் நின்று, மறுபடி துடிக்கவைக்கப்பட்ட ஒருவர் நேற்று என் வார்டுக்கு வந்தார். மூளை கெடாமலிருக்க ஒரு நாள் முழுக்க உடம்பைக் குளிரவைக்கிறோம். அதை அவர் மனைவிக்கு விளக்காமலே டாக்டர் நழுவிவிட்டார். நான் மருந்தெடுத்துத் திரும்புவதற்குள் அந்த அம்மா இரண்டு போர்வை போர்த்தி, அவர் பாதத்தைச் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். உடம்புச் சூடு ஏறிவிட்டதென்று மெஷின் அலறியது. போர்வையை உருவினேன்.

“ஐஸ் மாதிரி கெடக்காரு. உனக்கு மனசே இல்லையா?”

“வலி வந்தப்பவே ஏம்மா கூட்டிட்டு வரல?” என்று கத்திவிட்டேன்.

“வாய்வுதான், படுத்தா சரியாயிடும்னாரு” என்று அழுதார்.

அறைக்கு வந்தால் தம்பியின் செய்தி: “அப்பாவுக்கு ரெண்டு நாளா நெஞ்சுல வலி. வாய்வுன்னு சொல்லிட்டுத் திரியறாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முரண்டு பிடிக்காமல் இப்போதே அவனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இ.சி.ஜி. தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் என் பழைய போர்வையையும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர்கிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. முதலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களிடம் கத்த வேண்டியதை அவரிடம் கத்திவிட்டேன்.

உங்கள் மகள்