கேமில் விழுந்த அண்ணன்

வில்லியனூர்
18-5-1986

அன்பு மகன் தனிஸ்லாசுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நான், அப்பா, தம்பி, தங்கச்சி நாலு பேரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மதகடிப்பட்டு சிவப்பிரகாசம் மகனிடம் நீ கொடுத்தனுப்பிய வீடியோ கேம் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது, அவனே டி.வி.யில் மாட்டிக் காட்டிவிட்டுப் போனான். அங்கே பிரான்சில் கலராகத் தெரியுமாமே, நம் வீட்டில் கறுப்பு வெள்ளைதான், அதனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. நீ பார்த்த ஏதோ சினிமாவை வைத்துச் செய்த கேமாம் இது, சின்னப் பிள்ளைகள் விளையாடலாமா, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறதா, சரி என்றால் இன்னும் கேசட் அனுப்புகிறேன் என்று கேட்டிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன், நீயே தெரிந்துகொள்.

கேமில் ஒரு பட்டாளத்துக்காரன் காட்டுக்குள் போய்ச் சிறைபட்டவர்களை மீட்டு வர வேண்டும், வழியெல்லாம் துப்பாக்கிச் சத்தம். அப்பா பார்த்துவிட்டு, இன்னாடி இது, டப்பு டப்புன்னு சுட்டுக்கினே இருக்கான், சோறு தண்ணி வேணாமா அவனுக்கு என்று சிரித்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் நம் வீட்டில்தான். எதிர்வீட்டுத் தையலம்மாள் ஒருநாள் கொண்டையை முடிந்துகொண்டே சண்டைக்கு வந்தாள், எம்புள்ள உங்க வூட்டுக்கு வந்து சுடக் கத்துக்கினு போறான், நல்லாவா இருக்கு என்றாள். தம்பி பிலவேந்திரன் கேமைப் பிடித்து ஆட்டுகிற குச்சியை அவள் கையில் கொடுத்தான். சும்மா பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவள்தான், அவள் வீட்டு மீன்குழம்பு தீய்ந்து புருஷன் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் எழுந்தாள். இப்போது சாயங்காலமானால் முதல் ஆளாக அவள்தான் வந்து நிற்கிறாள்.

உன் தங்கச்சி ரெஜினாவும் முதலில் ஆசையாகத்தான் விளையாடினாள். பிறகு என்ன ஆனதோ, கேம் போட்டாலே காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள், சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒருநாள் குச்சியைக் காணோம். நான் உலைக்கு அரிசி அள்ளப் போனால் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. தம்பி அவளை அடிக்கக் கையை ஓங்கினான், அப்பாவுக்குக் கோபம் வந்து, அந்தப் பொட்டிய கட்டிப் பரண்ல போடு, இந்தச் சண்டைக்கா கடல் தாண்டி வந்துச்சு என்று கத்தினார். நான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்த் தலை வாரிக்கொண்டே கேட்டேன். அண்ணன் வுழுந்து வுழுந்து எழுந்துச்சும்மா, அப்புறம் எழுந்திருக்கவே இல்லம்மா என்று தேம்பினாள். எந்த அண்ணன் என்று எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கிற உன் பட்டாளத்துப் போட்டோவைக் காட்டினாள். கேமில் இருக்கிறவனுக்கும் அதே தொப்பி, அதே உடுப்பு. நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையடா அவள், உன்னை அந்தப் போட்டோவில்தானே தெரியும். அண்ணன் அனுப்பிய பெட்டிக்குள் அண்ணன்தான் ஓடுகிறான் என்று நினைத்துவிட்டாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ ஈஸ்டருக்கு எழுதிய கடிதத்தை அப்பா எடுத்துப் படித்துக் காட்டினார். அது அண்ணனைச் சுடறதுக்கு முன்னாடி எழுதினதா என்று கேட்டாளே பார்க்கலாம், அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பாண்டிச்சேரி தந்தி ஆபீசுக்குப் போய் நீ கொடுத்த நம்பருக்குப் போன் போட்டது இதற்காகத்தான். என்னவோ ஏதோ என்று நீ பயந்திருப்பாய். அண்ணா, எழுந்துட்டியா என்று அவள் கேட்டதும், அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும் போல, நீ தூக்கத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, இப்பத்தான்டி எழுந்தேன் என்றாய். அவ்வளவுதான், எங்களைப் பேசவே விடாமல் போனை வைத்துவிட்டு, எழுந்துட்டாரு, எழுந்துட்டாரு என்று ஆபீசே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள். பஸ்சில் வரும் வழியெல்லாம் கண்டக்டரிடமும் அதையே சொன்னாள்.

அதனால் நான் சொல்வது இதுதான். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்தக் கேமில் தப்பில்லை, வீட்டில் நல்ல கலகலப்புதான். சின்னதுகளைத் தனியாக விடக்கூடாது, அதுகள் மனசில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. இனிமேல் சுடுகிற சினிமா கேசட் வேண்டாம், கார் ஓட்டுகிற மாதிரி ஏதாவது இருந்தால் அனுப்பு. அதோடு பட்டாள உடுப்பு இல்லாமல், சிரித்த முகமாக ஒரு போட்டோ எடுத்து அனுப்ப மறக்காதே. ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னை நிழல்போல் காத்து, நல்ல சுகத்தோடு எங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

உன்னை நெஞ்சில் வைத்திருக்கும்
அம்மா ஞானசுந்தரி