ஜாக்கெட்டில் பிடித்த இரண்டு தையல்

ஏங்க,

மலை சுற்றிவர இன்றும் கிளம்பிவிட்டேன். சாவி மீட்டர் பெட்டிமேல். குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

"நடக்கறது எட்டு மைலு, துன்றது பத்து மைலு"ன்னு ரெண்டு மாசம் முன்னாடி சிரிச்சீங்களே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் நிஜம்தான். பிரசாதம் உடம்பில் ஒட்டாது என்று நம்பி, தினமும் அடி அண்ணாமலைக் கோயிலில் சர்க்கரைப் பொங்கலை இலை நிறைய வாங்கித் தின்றேன். நடையில் கரைந்ததைவிட உள்ளே போனது ஜாஸ்தி. டாக்டரம்மாவும் கலோரிக் கணக்கு போட்டு அதையேதான் சொன்னார். ஆறு வாரமாக விரல் நுனியளவோடு சரி.

நேற்று பஸ் ஸ்டாண்டு எடை மிஷினில் ஒரே ஒரு கிலோதான் குறைந்திருந்தது. அழுகையே வந்தது. காலையில் பார்த்தால் ஜாக்கெட் தொளதொள! கொழுப்பு கரைந்து சதை இறுகியிருக்கிறது, கெண்டைக்கால் கல்லு மாதிரி! வருஷா வருஷம் பிரித்துவிட்டதில் இரண்டு தையலைத் திரும்பப் பிடித்துவிட்டேன்!

கோமளா

மறந்துவிட்டேன்: ஊசி கையில் இருக்கும்போதே உங்கள் பேண்ட்டையும் பார்த்தேன். பிரித்துவிட அதில் இனி துணியே இல்லை. நாளைக்கு நீங்களும் நடக்க வாங்க.