முயல் அறையை நான்தான் மூடினேன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் உன் வாயாடி மகளும் எப்படி இருக்கிறீர்கள்? ஓய்வு பெற்றதிலிருந்து உன் அத்தான் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். எதை எங்கே வைக்கிறார் என்று அவருக்கே தெரிவதில்லை. நேற்று டீ வடிகட்டியைத் துணி அலமாரியில் கண்டுபிடித்தேன்.

இந்த வாரம் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் வேலையில் இருப்பதாக அவர் சொன்னது பொய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "மருந்து எப்பக்கா வரும்?" என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். உன் மகளுக்கு இருக்கிற மூட்டு வலிக்காக எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்த மருந்து நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான்.

இங்கே மிருகங்களை வைத்து எந்தச் சோதனை செய்வதென்றாலும் முதலில் ஒரு குழு கூடும். விஞ்ஞானிகளோடு வெளி ஆள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மிருகம் இல்லாமல் முடியுமா, குறைவாக வைத்துச் செய்யலாமா, வலி எதுவரை போகலாம் என்றெல்லாம் பேசி எல்லை வைப்பார்கள். எல்லை தாண்டினால் நிறுத்துகிற அதிகாரம் கால்நடை மருத்துவரான என் கையில்.

முயல் வலியைக் காட்டாது. ஆள் வந்தால் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து உட்காரும். அதனால் நான் உள்ளே போகாமல் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பேன். அன்று மருந்து கொடுத்த முயல்களெல்லாம் கண்ணைச் சுருக்கி, காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு, தீவனத்தைத் தொடாமல் மூலையில் கிடந்தன. கதவைத் திறந்தேன். சட்டென்று எல்லாம் நிமிர்ந்துகொண்டன. வலி எல்லையைத் தாண்டிவிட்டது என்று பதிவேட்டில் எழுதினேன்.

பெரிய விஞ்ஞானி ஓடி வந்தார். "இன்னும் ரெண்டே நாள் விடுங்க டாக்டர், முடிவு தெரிஞ்சிரும்" என்று கெஞ்சினார். நல்ல மனிதர், கல்நெஞ்சக்காரர் இல்லை. "எத்தனை பிள்ளைங்க இதுக்காகக் காத்திருக்காங்க தெரியுமா?" என்றார். எனக்கா தெரியாது? என் கைப்பையில் அவள் படம் இருக்கிறது. ஆனாலும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நம் பிள்ளைக்காக நான் எல்லையை நகர்த்தினால், நாளைக்கு ஆளுக்கொரு பிள்ளையைச் சொல்லி நகர்த்துவார்கள், தம்பி.

மருந்து ஒரேயடியாகப் போய்விடவில்லை. அளவைக் குறைத்து மறுபடி அனுமதி கேட்கப் போகிறார்கள். ஒரு வருடமாவது இழுக்கும். அதுவரை அவள் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் துணிவில்லை.

காலையில் வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதே. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மாற்றாதே. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறாள் என்று போன தடவை சொன்னாயே, இனி அப்படிச் சொல்லாதே.

என்னைத் திட்டு. உன் ஆத்திரம் தீரும்வரை திட்டி எழுது. மருந்தை யார் நிறுத்தினார்கள் என்று அவள் கேட்டால் மறைக்காதே, அத்தை என்றே சொல். அதற்குப் பிறகும் அவள் என்னோடு பேசுவாளா என்று மட்டும் எனக்கு எழுது.

குழந்தை ஓடியாடி நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும்.

உன்
அக்கா