ஒரு மிஸ்டு கால்

என் பிரியமுள்ள அண்ணே,

அடுத்த வாரம் உன் மேல்முறையீடு இறுதி விசாரணைக்கு வருகிறது. நீ உயிரோடு இருந்தவரை உன் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது உயர் நீதிமன்றம் கேட்கப்போகிறது. இதை ஊரறிய எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஊரறியத்தானே பேசினார்கள்?

சிறையில் மாரடைப்பு வந்து நீ போனதும், வழக்கும் உன்னோடு போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முப்பது நாளுக்குள் நெருங்கிய உறவு யாராவது மனுப் போட்டால் தொடர்ந்து நடத்தலாம் என்று சென்னை வக்கீலம்மா சொன்னார். முத்தியால்பேட்டை வீட்டில் உன் முப்பதாம் நாள் பூசைக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெரியப்பா மகன் வாசலில் மறித்தான். “செத்தவனுக்கு எதுக்குடா விடுதலை? ஜெயிச்சா எழுந்து வந்துடப் போறானா?”

“வரமாட்டான். ஆனா அதுக்கப்புறம் நீ அவனைக் கஞ்சாக்காரன்னு சொல்ல முடியாது பாரு” என்றேன். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைச்சாவடிக் கரையில் முருகையன் படகில், வலைக்கு அடியில், கஞ்சா மூட்டைகள் பிடிபட்டன. வழக்கில் அவன் முதல் எதிரி. அவனிடம் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்ற நீ இரண்டாம் எதிரி. ஆதாரம், விடியற்காலைகளில் அவன் உனக்கு விட்ட மிஸ்டு கால்கள். ஒன்று வந்தால் படகு கரைக்கு வந்துவிட்டது, ஐஸ் பெட்டியோடு வா. அடுத்தடுத்து இரண்டு வந்தால் இன்றைக்கு மீன் இல்லை, படுத்துத் தூங்கு. ஈரக்கையோடு அலை இரைச்சலில் நின்றுகொண்டு யார் பேசுவது? கரை முழுக்க இதுதான் பழக்கம். போலீஸ் அதைக் கூட்டுச்சதிக்கான சங்கேதம் என்றது.

நம் பழைய வக்கீலை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. “போனைப் பத்தி வாயே தெறக்காதீங்க. எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க” என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தார். அழைப்புகள் எதற்கு என்று நீதிபதி கேட்டார். தெரியாது என்றாய். முருகையனைத் தெரியுமா? அதற்கும் தெரியாது! பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தையும் ஒழுங்காக ஒப்பிக்காதவன், அதை மட்டும் ஏன் அண்ணே அவ்வளவு ஒழுங்காக ஒப்பித்தாய்?

அந்தப் பொய்தான் சதிக்கு வலுவான சான்று என்று தீர்ப்பில் எழுதினார்கள். பத்து வருடம். சட்டத்தில் அதுதான் குறைந்தபட்சம், அதற்குக் கீழே போக எனக்கு அதிகாரம் இல்லை என்றார் நீதிபதி. உன் வயது, உன் இருதயம், இதுவரை உன் மேல் ஒரு வழக்குகூட இல்லாதது, எதையும் சொல்லிப் பார்க்க இடமில்லாமல் போயிற்று.

உன் வீட்டு மீன்குழம்பை வாரந்தவறாமல் வாங்கிச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரரை நினைவிருக்கிறதா? “விடியக்காலம் எங்கியோ போவாருங்க” என்று சாட்சி சொன்னார். எங்கியோ! கோயிலில் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் என்னைப் பார்த்துக் கைகூப்புகிறார். நான் கூரையைப் பார்க்கிறேன்.

இந்த முறை நாங்கள் எதையும் மறுக்கவில்லை. ஆம், அது சங்கேதம்தான், மீனுக்கான சங்கேதம் என்று எழுதியிருக்கிறோம். அதைச் சொல்ல வருவாயா என்று கரையில் மீன் விற்கும் செல்லம்மாவிடம் கேட்டேன்.

“எங்க ஊர்ல எல்லாருந்தான் மிஸ்டு கால் வுடறோம். எல்லாரையும் புடிச்சி உள்ள போடச் சொல்லு வாத்தியாரே. அப்புறம் ஜட்ஜையா ஊட்ல எறா கொழம்பு எப்டிக் கொதிக்குதுன்னு பாக்கறேன்!” என்றவள், கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். அதைப் புதிய சாட்சியமாக ஏற்கும்படி மனுப் போட்டிருக்கிறோம். ஏற்பார்களா?

உன் மகள் ஸ்டெல்லா, அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் “இறந்துட்டார்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். எங்கப்பா மீன் வியாபாரி என்று அவள் முழுதாகச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அண்ணி சென்னைக்கு வரவில்லை. “தீர்ப்பு சொன்னதும் பேசாதீங்க தம்பி, உங்க கொரலக் கேட்டாலே எனக்கு ஒதறும். மிஸ்டு கால் வுடுங்க, போதும். நான் எடுக்க மாட்டேன்” என்றார்.

ஒன்று விடத்தான் போகிறேன். ஒருவேளை இரண்டு விட நேர்ந்தால்? அன்றைக்கு மீன் இல்லை, அவ்வளவுதானே. அதற்காக மறுநாள் நீ கரைக்குப் போகாமலா இருந்தாய்? நானும் டெல்லிக்கு ரயில் ஏறுவேன் அண்ணே. விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் இடத்தில் மனுதாரராக நிற்கும்
உன் தம்பி