நாலு விரல் சுவர்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம். சட்டைப் பொத்தான்கள்தான் மிகவும் சிரமப்படுகின்றன. "அந்தப் பொண்ணுக்கு எழுதறப்பவாவது சொந்தப் புராணத்தைக் குறைச்சுக்கிட்டு விஷயத்தை எழுதுங்க" என்று உன் அத்தை முதுகுக்குப் பின்னால் நின்று மிரட்டுகிறாள். அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் முழங்கால், அவளுடைய மாத்திரை, என் மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் "அந்தப் படங்களை மியூசியத்தில் எடுத்துக்கொண்டார்களா?" என்று கேட்டிருந்தாய். கடிதம் முழுக்கத் தேடினேன், அப்பா என்ற சொல் எங்கும் இல்லை. நீ வரைந்த படத்தில் அவர் கத்தி வைத்த நாளோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாய். எழுத்திலும் அதைக் கடைப்பிடிக்கிறாய் போலிருக்கிறது. இருக்கட்டும். சுருக்கமான பதில்: எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சுருக்கமாகச் சொல்வதில் எனக்கு என்ன சுகம்?

அத்தானைப் பற்றி அவர் மகளான உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அவரை ஏசக் கிடைத்த சந்தர்ப்பத்தை நான் விடுவதாயில்லை. அந்த சோப்புத் தொழிற்சாலையில் காலமெல்லாம் அவர் பார்த்த உத்தியோகம் என்ன? அடுத்தவர் வேலை செய்வதை நின்று பார்ப்பது. கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, சோப்பை உறையில் போடுகிற பெண் மூக்கைச் சொறிந்தால் அதையும் வீண் அசைவு என்று குறிப்பவர். அங்கே அவருக்கு 'டிக் டிக்' என்று பெயர். வீட்டில் மட்டும் சும்மா இருந்தாரா? அக்கா காபி போட அதிகம் நடக்கிறாள் என்று கண்டுபிடித்து, அலமாரியை அடுப்புக்கு மேலே இறக்கி மாட்டினார். நடை மிச்சமாயிற்று; நெற்றி புடைத்தது. "இன்னும் பழகலையா?" என்று அவளைத்தான் கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கலைமேல் ஆசை வந்ததே முதலாளி வீட்டு வரவேற்பறையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான். படம் பிடித்திருக்கிறதா என்று அவர் ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வரைந்தவரைத்தான் கேட்பார்: "இதை முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாச்சு?" நாள் கூடக் கூட மதிப்பு கூடும் என்பது அவர் கணக்கு. ஒரே மூச்சில் வரைந்தேன் என்று உண்மை சொன்ன நல்ல கலைஞர்கள் எத்தனை பேர் அந்த வாசலோடு திரும்பிப் போனார்கள் தெரியுமா? காலையில் வரைந்த படத்தை ஈரம் காயுமுன்னே தூக்கிவந்து, "மழைக்காலம் முழுக்க இதோடதான் சார் கிடந்தேன்" என்று பெருமூச்சு விட்டவன் படமெல்லாம் இன்று உங்கள் கூடத்தில் தொங்குகிறது. ஊரிலேயே தேர்ந்த புளுகர்களின் சேகரிப்பு அது. அந்த வகையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. புளுகித்தான் நானும் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறேன். என்னைத்தான் அவர் வாங்கவில்லை.

அடுத்து அந்தச் சட்டம். எல்லாப் படமும் ஒரே அளவுச் சட்டத்துக்குள் வரவேண்டும். அப்போதுதான் எந்தப் படத்தையும் எந்த ஆணியிலும் மாட்டலாம், தச்சரும் ஒரே அளவில் அறுத்துத் தள்ளலாம். சட்டத்துக்குப் படம் பெரிதாயிருந்தால்? படத்தை வெட்டு. அதையும் முறையோடு செய்வார். வண்ணத்தில் கீறல் விழக்கூடாதென்று படத்தைக் குப்புறப் போட்டு, முதுகில் பென்சிலால் கோடு கிழித்து, அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியால் ஓரத்தைச் சீவுவார். எதை வெட்டுகிறோம் என்று திருப்பிப் பார்க்கிற வழக்கமே இல்லை. வெட்டிய கீற்றையும் குப்புறக் கிடந்தபடியே சுருட்டி நூலால் கட்டிவிடுவார்.

இந்த லட்சணத்தில் மொத்தத்தையும் மியூசியத்துக்குக் கொடுக்கப்போகிறாராம். பதிலுக்கு ஓர் அறைக்கு அவர் பெயரை வைக்க வேண்டுமாம். போன வாரம் மியூசியத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். அத்தான் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையில் விறைத்து நின்றார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். இதற்கெல்லாம் எனக்கு அழைப்பு தேவையில்லை.

அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு குதிரைக்கு முன்னால் நின்றாள்.

"சார், இதுக்கு வால் எங்கே?"

"சைஸ்ல அடங்கலைம்மா."

"வரைஞ்சவங்க கையெழுத்துகூட ஒண்ணுலயும் காணோமே?"

"அது கீழ் மூலையில இருக்கும். அதனால படத்துக்கு உபயோகம் கிடையாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நாங்க படம்தான் சார் வாங்குவோம். நடுத்துண்டு வாங்கறதில்லை" என்றாள். அறையும் போயிற்று, அறை வாசலில் எழுத இருந்த பெயரும் போயிற்று. அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

கிளம்புகிற நேரத்தில், "வெட்டினதையெல்லாம் குப்பையில போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தொழிற்சாலையில கழிவைக்கூடக் கணக்கு காட்டாம வெளியே விடமாட்டோம்" என்று சொல்லிப் பரணில் ஏறி ஒரு சாக்கை இறக்கினார். எல்லாச் சுருளும் பத்திரமாக இருந்தன. மேலாக இருந்த ஒன்றை எடுத்து அவள் மேசைமேல் விரித்தாள். விரித்துவிட்டு அதையும் அத்தானையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இது நீங்கதானே சார்?"

அது உன் படத்தின் ஓரம். அம்மா அடுப்படியில் நிற்பதாக நீ வரைந்தாயே, அதன் வலது ஓரம். வெட்டிய நாளில் நீ போட்ட சண்டைக்கு அவர் சொன்ன சமாதானம் உனக்கு மறந்திருக்காது: "என்னம்மா பெருசா போயிடுச்சு? நாலு விரல் சுவர்தானே?" இத்தனை காலமும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னார். அது சுவர் இல்லை என்று உன் அம்மாவுக்குத் தெரியும். "அவரே திருப்பிப் பார்க்கட்டும்" என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். நீயும் சொல்லாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

அந்தக் கீற்றில், கதவோரம் அவர் நிற்கிறார். வேலை முடிந்து வந்த கோலம். துடைத்த தரை அழுக்காகக்கூடாதென்று செருப்பைக் கையில் பிடித்தபடி, அம்மாவைக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சும்மா நிற்கிறார். அப்படி ஒருவரை நான் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. நீ எங்கே பார்த்தாயோ!

வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு அந்த மேதை வாயைத் திறந்தார். "கழுத்துல வாட்ச் இல்லையே?"

அந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க அவரால்தான் முடியும். எனக்கு வந்த கோபத்துக்கு நல்லதாக நாலு வார்த்தை கேட்டுவிட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அந்த அம்மாளை வழியனுப்பப் போனேன். பத்தி எழுதுகிறவனுக்கு வாய்த்த தண்டனை பார்.

அன்றிலிருந்து உன் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார். அக்காவும் அவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். கீற்றைப் படத்தோடு சேர்த்து வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார். பாழாய்ப்போன கத்தி ஓரத்தை மென்று தின்றிருக்கிறது. எப்படி வைத்தாலும் அக்காவுக்கும் அவருக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது.

நேற்று என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு எந்தப் பசை சரியா வரும்னு அவளைக் கேட்டு எழுது" என்றார். தெருமுனைக் கடையில் பசை கிடைக்கும். சோப்பு உறைக்கும் பெட்டிக்கும் வாழ்நாளெல்லாம் பசை பார்த்துப் பொறுக்கிய மனிதர் அவர். மற்ற எதிலும் மடையர், பசையில் இல்லை.

அவருக்காக நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தக் குதிரை வாலுக்காகவே அவரை நான் மன்னிக்க மாட்டேன். உனக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள், உன் கைக்கு ஒரு குறையும் வராமல், நிறைய வரைந்து நன்றாயிரு. அவகாசம் கிடைக்கும்போது அந்தப் பசையின் பெயரை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. என் விலாசத்துக்கு வேண்டாம். அந்த வீட்டு விலாசத்துக்கு, அவர் பெயருக்கு.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா