இந்த வருடத்துக் குளிர்நீர்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மாமாவும் மகளும் நானும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நடக்கச் சொன்னால் மட்டும் உடனே வந்துவிடுகிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில், நீங்கள் வேலை பார்க்கும் அந்தக் கரையின் கடல் வெப்பத்தை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தீர்கள். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று ஒரு வரி இல்லை.

நம் கடல் இந்த வருடம் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. வெயில் காலம் முடிந்து காற்று திரும்பினால் மேல்தண்ணீர் விலகி, அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வருமே, அது வரவில்லை. காற்றே திரும்பவில்லை. முனைக்கு வடக்கே எப்போதும் வெதுவெதுப்புத்தான், அங்குள்ள உயிர்களுக்கு அது பழகிப்போனது. நம் விரிகுடாவில் இருப்பவை குளிரை நம்பிப் பிழைப்பவை. பவளப்பாறைகள் ஓரத்தில் வெளுக்கத் தொடங்கின. மீன் கூட்டமும் வரவில்லை. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் சத்தமே இல்லாமல் போயிற்று.

நம் ஆராய்ச்சி நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். குளிர்நீர் எப்போது வரும் என்று படகுக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். நாம் மாதவாரியாக வரைந்த வெப்பநிலைக் கோட்டைக் காட்டினேன். எப்போதோ வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடிந்தது. நம் படகோட்டி, "அந்தக் கோட்டைக் கொஞ்சம் கடல்கிட்ட காட்டுங்க மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த நாட்களில் உங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் கரையை நாம் கடல் வெப்பத்தை வைத்துப் பகுதி பகுதியாகப் பிரித்தபோது, எல்லை முனையில்தான் என்று நீங்கள், இல்லை கலங்கரை விளக்கத்தில் என்று நான். கல்யாண வீட்டிலும் அந்தச் சண்டை ஓயவில்லை. "இதுங்க இப்பவே எதைப் பங்கு பிரிக்குதுங்க?" என்று உங்கள் பெரியம்மா கலங்கிப்போனார். கடலில் கைவிட்டுப் பார்த்து நீங்கள் ஒரு வெப்பநிலை சொல்வீர்கள். தப்பானால் நீங்கள் தேநீர் போட வேண்டும், சரியானால் நான். நான் தேநீர் போட்டதாக ஞாபகமே இல்லை. அந்தத் தேநீரில் சர்க்கரை எப்போதும் அதிகம். ஒருநாளும் குறை சொன்னதில்லை, இன்று சொல்கிறேன்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த குளிர்நீர் வருவதற்குள் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அது வந்து போனது. அதற்கடுத்ததும் வந்து போனது. அதற்குப்பின் அவள் நிலையத்துப் பக்கமே வரவில்லை. நீங்கள் ஃபோனில் கூப்பிட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

போன வாரம் என் உதவியாளருக்குக் காய்ச்சல். வெப்பம் அளக்கும் கருவியைத் தூக்க ஆள் இல்லை என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். காலையில் பார்த்தால் எனக்கு முன்னே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

முந்தின நாள்தான் காற்று திரும்பியிருந்தது. விரிகுடா நடுவில் அவளே கருவியை இறக்கினாள். அளவு குறைந்துகொண்டே போனது. கருவி பழுதோ என்று பயந்து மறுபடி இறக்கச் சொன்னேன். அதே அளவு. படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டுக் கடல் நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். "வந்துடுச்சு மேடம்" என்றார்.

மகள் கருவியை மேலே இழுத்து வைத்தாள். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"நீ சொல்லாத. அவரே என்கிட்ட கேக்கட்டும்."

மீன் வரத் தொடங்கிவிட்டது. வெளுத்த பாறைகளில் சில தேறும். சில தேறாது, அதைப் படகுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன்.

ஃபோனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஞாயிறு மத்தியானம் வீட்டில் இருப்பாள். கூப்பிட்டு, அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நம் கடல் எப்படி இருக்கிறது என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேளுங்கள். முதலில் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். மனம் தளர்ந்துவிடாதீர்கள். அவளாக வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

பேசி முடித்ததும், நேரமிருந்தால், என்னிடமும் கொடுக்கச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மனைவி